பூனையின் தோல் அரிப்பு ஊசி போட்டால் அடங்குகிறது, சில வாரங்களில் மீண்டும் வருகிறது: எதிலிருந்து தொடங்குவது?

சாம்பல்வால் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெண் பூனைக்கு நான்கு வயதாகிறது. கருத்தடை செய்யப்பட்டவள், வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ஓராண்டுக்கும் மேலாக அவளுக்குத் தோலில் தொல்லை விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. அடிவயிற்றிலும் பின்னங்கால்களின் உட்புறத்திலும் முடி அறவே போய்த் தோல் வழவழவென்று தெரிகிறது, ஆனால் அங்கே புண்ணோ சிவப்போ இல்லை. கழுத்தைச் சுற்றியும் முதுகில் வால் தொடங்கும் இடத்திலும் தோல் வேறு மாதிரி இருக்கிறது. பார்வைக்கு எதுவும் தெரியாது, முடியை எதிர்த்திசையில் நீவினால்தான் தானிய மணிகளைப் போன்ற சிறு பொருக்குகள் விரலில் தட்டுப்படும். அந்த இடத்தைத் தொட்டால் போதும், தோல் சிலிர்த்து, உடனே திரும்பி நக்கத் தொடங்கிவிடுவாள். இரவில் அவள் நக்கும் ஓசையே என்னை எழுப்பிவிடுகிறது.

மருத்துவர் ஓர் ஊசி போடுகிறார். ஓரிரு நாள்களில் அரிப்பு அடங்கி, முடியும் வளரத் தொடங்குகிறது. சில வாரங்கள் கழித்துப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. ஊசிகளுக்கு இடையிலான காலம் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருவதாகத் தோன்றுவதுதான் எனக்குப் பெருங்கவலை.

தெள்ளுப்பூச்சி ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. வீட்டில் இருக்கும் இன்னொரு பூனைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மன அழுத்தத்தால் நக்குகிறாள் என்கிறார் ஒருவர், உணவை மாற்றுங்கள் என்கிறார் இன்னொருவர், நாய்க்கு விடும் சொட்டு மருந்தைப் பாதி அளவு விட்டால் போதும் என்கிறார் மற்றொருவர். இவற்றில் எதை முதலில் செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈரமூக்கு எழுதியது:

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்கு விடவே விடாதீர்கள். பாதி அளவும் வேண்டாம், ஒரு துளியும் வேண்டாம். நாய்களுக்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பொருள் செறிவாக இருக்கிறது. நாயின் உடல் அதைத் தாங்கிக்கொள்கிறது. பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடிவதில்லை. விட்ட சில மணி நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கி, வலிப்பு வந்து, உயிரே போய்விடலாம். நாயின் முதுகில் விட்ட மருந்து காய்வதற்குள் பூனை அதன்மேல் உரசிப் படுத்தால்கூட ஆபத்துதான். எவரேனும் தவறுதலாக விட்டுவிட்டிருந்தால், நடுக்கம் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

டீ ட்ரீ எண்ணெய் முதலான வாசனை எண்ணெய்களும் வேண்டாம், மனிதர்களுக்கான பொடுகு ஷாம்புவும் வேண்டாம். தோலில் எதைப் பூசினாலும் பூனை அதை நக்கி உள்ளே தள்ளிவிடும். எனவே பூசுகிற மருந்தும் உட்கொள்கிற மருந்துதான் என்று எண்ணிச் செயல்படுங்கள்.

நிழல்மரம் எழுதியது:

நான் கால்நடை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்ல இயலாது. ஆனால் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

பூனையின் தோல் பல நோய்களுக்கும் ஒரே மாதிரியான சில குறிகளைத்தான் காட்டும். தானிய மணி போன்ற பொருக்குகள், முடி இல்லாத வழவழப்பான அடிவயிறு, மேலுதட்டில் வரும் புண், கழுத்தையும் முகத்தையும் பிறாண்டிக்கொள்வது ஆகிய நான்கும் அரிப்பின் அடையாளங்கள். அரிப்பின் காரணத்தை அவற்றைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. உங்கள் பூனைக்குப் போடப்படுவது பெரும்பாலும் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியாக இருக்கும், மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது அரிப்பை அடக்குமே தவிர காரணத்தைத் தொடாது, ஆகவே மருந்தின் வேகம் குறைந்ததும் அரிப்பு திரும்புகிறது. திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது, மறைந்திருக்கும் இதய நோயும் முற்றலாம். மிக அவதிப்படும் பூனைக்கு ஒருமுறை நிவாரணம் தருவதில் தவறில்லை, ஆனால் காரணத்தைத் தேடாமல் ஊசியையே சிகிச்சையாக வைத்துக்கொள்வதுதான் தவறு.

முதலில் தெள்ளுப்பூச்சி. கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும். அதே பூனை ஓயாமல் நக்குவதால் பூச்சியையும் அதன் கழிவையும் தானே விழுங்கிவிடுகிறது, நமக்குத் தடயம் கிடைப்பதில்லை. ஆகையால் அரிப்பு இல்லாத உங்கள் மற்றப் பூனையையும் சேர்த்துச் சோதியுங்கள். பற்கள் நெருக்கமாக உள்ள தெள்ளுச் சீப்பால் வாலடியிலும் பிடரியிலும் வாரி, சீப்பில் வருவதை நனைத்த வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். சாதாரண அழுக்கு கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால், செரித்த இரத்தம் ஆதலால், சில நொடிகளில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசிந்து பரவும்.

அடுத்தது பூஞ்சையும் சொறிப்பூச்சிகளும். படர்தாமரையைப் பூனைகளில் பெரும்பாலும் உண்டாக்குவது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. புற ஊதா விளக்கில் முடி பச்சையாக ஒளிர்ந்தால் அது ஒரு தடயம், ஒளிராததால் நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. முடியை எடுத்து, அதிலிருந்து பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். சொறிப்பூச்சிகளுள் டெமோடெக்ஸ் கேட்டோய் என்ற வகை தோலைச் சுரண்டிப் பார்க்கும்போது அகப்படாமல் போவதுண்டு, காரணம் பூனை அதையும் நக்கித் தின்றுவிடுகிறது. எனவே சந்தேகம் இருந்தால் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பதே சோதனையாகிவிடும்.

இவை நீங்கிய பிறகுதான் உணவுச் சோதனை. உணவை மாற்றிப் பத்து நாள் பார்ப்பதால் எதுவும் தெரியாது. பூனை இதுவரை உண்ணாத ஒரே ஒரு புரதமோ, மிக நுண்ணிய துண்டுகளாகப் பிளக்கப்பட்ட புரதம் கொண்ட மருத்துவ உணவோ குறைந்தது 8 வாரங்கள் தர வேண்டும். தின்பண்டமும் சுவையூட்டிய மாத்திரையும் மற்றப் பூனையின் தட்டும் அந்த 8 வாரமும் எட்டக் கூடாது. அரிப்பு குறைந்தாலும் சோதனை முடிந்துவிடாது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு மீண்டும் வருகிறதா என்று பார்த்தால்தான் அது உணவு ஒவ்வாமை என்று உறுதியாகும். இரத்தச் சோதனையில் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை நம்பாதீர்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு: பூனை புதிய உணவைத் தொடவில்லை என்றால், பசித்தால் தின்னும் என்று காத்திருக்கக் கூடாது. சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து நிலைமை ஆபத்தாகிவிடும், எனவே பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள்.

மன அழுத்தத்தைக் கடைசியில்தான் எண்ண வேண்டும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மனக் காரணத்தால் முடியை நக்கி எடுப்பதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகச் சோதித்தார்கள். அவற்றுள் 16 பூனைகளுக்கு உடல்சார்ந்த காரணமே இருந்தது, மனக் காரணம் மட்டுமே என்று சொல்லத்தக்கவை இரண்டுதான். அந்த இரண்டில் ஒன்றாக உங்கள் பூனை இருக்கலாம் என்றாலும், மற்றவற்றைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வருவது அவளுக்கு அநீதி.

மஞ்சள்மீசை எழுதியது:

மருத்துவர் சொன்னதில் படர்தாமரையைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீட்டில் நீளமுடிப் பூனை ஒன்றுக்கு அது வந்தபோது பூனைக்கு அரிப்பே பெரிதாக இல்லை. குழந்தையின் முழங்கையில் வட்டமாகத் தடிப்பு வந்த பிறகுதான் பூனையைப் பார்த்தோம். உங்கள் வீட்டில் யாருக்கேனும் அப்படி ஏதாவது இருக்கிறதா? பூஞ்சை இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் பரவல் கூடும் என்பதால், அடுத்த ஊசிக்கு முன்பாவது இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பூஞ்சை என்று உறுதியானால் மாத்திரையோ சொட்டு மருந்தோ போதாது. உதிர்ந்த முடியில் ஒட்டியிருக்கும் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஆகவே முடியை அன்றாடம் அகற்றித் துணிகளைத் துவைக்க வேண்டும். தோல் பார்வைக்கு நன்றாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தாமல், வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை இல்லை என்று வரும்வரை தொடர வேண்டும்.

சாம்பல்வால் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாய் மருந்து வீட்டுக்குள் வரவில்லை. வீட்டில் யாருக்கும் தடிப்பு இல்லை.

நிழல்மரம் ஐயா சொன்னபடி இருவரையும் சீப்பால் வாரினேன். அவளிடம் முடியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத மற்றவனின் வாலடியிலிருந்து மிளகுத் தூள் போல நாலைந்து துகள்கள் விழுந்தன, நனைந்த தாளில் அவற்றைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் படர்ந்தது. அப்படியானால் இவனிடமிருந்துதான் அவளைக் கடிக்கின்றனவா? வெளியே போகாத வீட்டில் தெள்ளு எப்படி வந்தது? மருந்தை யாருக்குப் போடுவது, எவ்வளவு காலத்துக்கு?

நிழல்மரம் எழுதியது:

இது நல்ல தடயம். அவனுக்கு ஒவ்வாமை இல்லை, அதனால் கடித்தாலும் அவன் பொருட்படுத்துவதில்லை. அவளுக்கு ஒவ்வாமை இருக்கலாம். தெள்ளு நம் உடையிலும் பையிலும் ஒட்டிக்கொண்டு வரலாம், முன்பு வேறு விலங்கு இருந்த இடத்தில் கூட்டுப்புழுவாகக் காத்திருக்கவும் கூடும்.

மருந்து இருவருக்கும் ஒரே நாளில் போட வேண்டும், ஏனென்றால் ஒருவரை விட்டுவிட்டால் அவர் மேலிருந்து தெள்ளுகள் பெருகிக்கொண்டே இருக்கும். பூனைகளுக்கென்று அனுமதிக்கப்பட்ட செலமெக்டின், ஃப்ளூரலானர் போன்றவற்றில் எது பொருந்தும் என்பதை எடையையும் உடல்நிலையையும் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். வலிப்பு வந்த வரலாறு ஏதாவது இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ஃப்ளூரலானர் வகை மருந்துகள் பல சொறிப்பூச்சிகளையும் கொல்வதால், நான் முன்பு சொன்ன இரண்டாவது சந்தேகமும் அதோடு ஓரளவு தீர்ந்துவிடும். குறைந்தது மூன்று மாதங்கள் இடைவிடாமல் தொடருங்கள். பூனையின் மேல் நாம் காணும் வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் சிறு பங்குதான், முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகப் பெரும்பங்கு அவள் படுக்கும் துணியிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. படுக்கைத் துணிகளை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். தரையையும் மெத்தை மடிப்புகளையும் உறிஞ்சு கருவியால் துப்புரவாக்கி, அதில் சேர்ந்த குப்பையை அன்றே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள்.

மருந்து போட்ட மூன்றாவது நான்காவது வாரத்திலும் புதிய தெள்ளு ஒன்றிரண்டு தென்படக்கூடும். மருந்து பயனற்றது என்று அதற்கு அர்த்தமில்லை. கூட்டுக்குள் இருந்தவை அப்போதுதான் வெளிவருகின்றன. இதற்கிடையே அரிப்பு தாங்க முடியாமல் போனால், நீண்ட நாள் ஊசிக்குப் பதிலாகப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்து அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், வேண்டாதபோது மாத்திரையைக் குறைக்கலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

வாரம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் அடிவயிற்றைப் படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் பாதி அளவே குறைந்திருந்தால், தெள்ளோடு வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது என்று கொண்டு, தெள்ளு மருந்தை நிறுத்தாமலேயே உணவுச் சோதனையைத் தொடங்கலாம். அப்போது இங்கே எழுதுங்கள், எந்தப் புரதத்தைத் தேர்ந்தெடுப்பது என்று அவள் இதுவரை உண்டவற்றை வைத்துப் பேசலாம்.