16 வயதில் ஒரு முழு சீசன்: ஜூட் பெல்லிங்ஹாமின் தொடக்க ஆண்டுகள் குறித்துச் சில கேள்விகள்

நடுக்களம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2022 உலகக் கோப்பையில் ஈரானுக்கு எதிராகத் தலையால் முட்டி அவர் அடித்த கோலுக்குப் பிறகுதான் இங்கிலாந்து நடுக்கள ஆட்டக்காரர் ஜூட் பெல்லிங்ஹாமின் ஆட்டத்தை நான் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன். அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிப் பின்னர் படித்தறிந்தபோது சில ஐயங்கள் எழுந்தன. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதலாவது, இங்கிலாந்தின் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப், உடல்வலுவுக்கும் இடைவிடாத ஆட்ட நெருக்கடிக்கும் பெயர்பெற்றது. அங்கே பர்மிங்காம் சிட்டி, 16 வயதுச் சிறுவர் ஒருவரை 2019-20 சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 44 ஆட்டங்களில் களமிறக்கியிருக்கிறது. ஓரிரு ஆட்டங்களில் கடைசிப் பத்து நிமிடங்களுக்கு இறக்கிப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் ஏறத்தாழ முழு சீசனையும் நம்பிக் கொடுக்கும் அளவுக்கு எது அவர்களைத் துணிய வைத்தது?

இரண்டாவது, 2020 மார்ச்சில் அவர் குடும்பத்துடன் மான்செஸ்டர் யுனைடெட்டின் கேரிங்டன் பயிற்சி மையத்துக்குச் சென்றதும், அந்தக் கிளப்பின் முன்னாள் மேலாளர் சர் அலெக்ஸ் பெர்குசனே அவரைச் சந்தித்ததும் பரவலாக வெளிவந்த செய்தி. அப்படி இருந்தும் அவர் ஜெர்மனியின் பொருசியா டோர்ட்மண்டைத் தேர்ந்தெடுத்தார். ஆடும் வாய்ப்பு மட்டும்தான் காரணமா? 17 வயதில் வேறொரு நாட்டுக்குச் சென்று ஒப்பந்தம் செய்துகொள்ள விதிகள் எப்படி இடமளித்தன என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

இரண்டாம் பந்து

உங்கள் முதல் கேள்விக்கு, 2019 கோடையில் பர்மிங்காம் சிட்டி இருந்த நிலையைத் தவிர்த்துவிட்டுப் பதில் சொல்ல முடியாது என்பது என் கருத்து. மூன்று ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட 3.9 கோடி பவுண்டு இழப்பு வரம்பைத் தாண்டியதற்காக, 2019 மார்ச்சில் அந்தக் கிளப்பிடமிருந்து 9 புள்ளிகள் பறிக்கப்பட்டிருந்தன. அடுத்து வந்த ஜூனில் மேலாளர் கேரி மாங்க் நீக்கப்பட்டு, அவருடைய துணைவராக இருந்த பெப் குளோட்டேட் பொறுப்பேற்றார். பணத்தைக் கொட்டி ஆட்டக்காரர்களை வாங்க இயலாத கிளப் தன் இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமியை நோக்கித் திரும்புவது இயல்பு. ஆயினும் நெருக்கடி கதவைத் திறந்துவிடும், அவ்வளவே. உள்ளே நுழைந்து நிலைப்பதற்குத் தகுதி தேவை, அது அவரிடம் இருந்தது.

ஸ்டவர்பிரிட்ஜில் 2003 ஜூன் 29 அன்று பிறந்த அவர், எட்டு வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்தே அந்தக் கிளப்பில் வளர்ந்தவர். தந்தை மார்க், மேற்கு மிட்லண்ட்ஸ் காவல் துறையில் சார்ஜன்ட். கூடவே, தொழில்முறை லீக்குகளுக்குக் கீழே உள்ள போட்டிகளில் நூற்றுக்கணக்கான கோல்கள் அடித்தவர். சேற்றிலும் குளிரிலும் சில நூறு பேர் முன்னிலையில் நடக்கும் அத்தகைய ஆட்டங்களைச் சிறு வயதிலேயே பார்த்து வளர்ந்த பையனுக்கு, முதிர்ந்த ஆண்களுடன் மோதி ஆடுவது அச்சமூட்டும் புதுமையாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அகாடமியில் அவருக்குப் பயிற்சியளித்த மைக் டாட்ஸ், தற்காப்பு நடுக்களத்தின் 4, இரு கோல் எல்லைகளுக்கும் இடையே ஓடி ஆடும் 8, தாக்குதலை வகுக்கும் 10 ஆகிய மூன்று பணிகளையும் அவரால் செய்ய முடியும் என்று கருதினார். அம்மூன்று எண்களின் கூட்டுத்தொகைதான் அவர் அணிந்த 22.

2019 ஆகஸ்ட் 6 அன்று போர்ட்ஸ்மவுத்துக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் அவர் முதன்முதலாகக் களமிறங்கியபோது வயது 16 ஆண்டுகள் 38 நாட்கள். 1970 முதல் டிரெவர் பிரான்சிஸ் வசம் இருந்த, கிளப்பின் மிக இளைய ஆட்டக்காரர் என்ற சாதனை அன்று முறிந்தது. அந்த ஆட்டத்தில் பர்மிங்காம் 0-3 எனத் தோற்றது. அதே மாதம் 31 அன்று ஸ்டோக் சிட்டிக்கு எதிராக, காயமடைந்த ஒருவருக்கு மாற்றாக இறங்கி, 2-1 வெற்றிக்கான கோலை அடித்து, கிளப்பின் மிக இளைய கோலடித்தவரும் ஆனார். பந்து ஒரு தற்காப்பாளர் மீது பட்டுத் திசை மாறித்தான் வலைக்குள் சென்றது. இருந்தாலும் தயங்காமல் கோலை நோக்கி உதைக்கத் துணிந்தது அந்தப் பையன்தான்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. குளோட்டேட் அவரை இடது ஓரத்தில், வலது ஓரத்தில், நடுவில், முன்னணிக்குப் பின்னால் என இடம் மாற்றி மாற்றி ஆட வைத்தார். அணியோ திணறிக்கொண்டிருந்தது. பெருந்தொற்றால் மார்ச்சில் நின்று ஜூனில் மீண்ட அந்த சீசனின் கடைசி நாளில் டார்பியிடம் 1-3 எனத் தோற்ற பின்னும், 20ஆம் இடத்தில் தப்பிப் பிழைத்தது. வெல்லும் அணியில் ஆடும் இளைஞருக்குப் பந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். தோற்கும் அணியில் அவர் பந்தைப் பறித்தாக வேண்டும், பின்னோக்கி ஓடியாக வேண்டும், மோதலில் தெறித்து வரும் இரண்டாம் பந்துக்காகத் தோளோடு தோள் மோதியாக வேண்டும். பிற்காலத்தில் நாம் வியக்கும் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி அங்கே படிந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர் சென்றபின் கிளப் 22ஆம் எண் ஜெர்சிக்கு ஓய்வளித்ததைப் பலர் எள்ளினார்கள். 17 வயதுப் பையனுக்கு இது மிகை என்பது அவர்கள் வாதம். ஆனால் வெளியிலிருந்து வாங்கிய ஆட்டக்காரரை விற்றால், வாங்கிய விலையில் கழியாமல் மீந்திருக்கும் பகுதி போக எஞ்சியதுதான் இலாபமாகக் கணக்கிடப்படும். அகாடமியில் வளர்ந்தவரை விற்றால் ஏறத்தாழ முழுத் தொகையும் இலாபம். நிதி விதியை மீறியதற்காகத் தண்டனை பெற்று ஓராண்டே ஆகியிருந்த கிளப்புக்கு, சுமார் 2.5 கோடி பவுண்டு எத்தகைய உயிர்மூச்சு என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மரியாதை எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

விதிப்புத்தகம்

விதிகள் பற்றிய பகுதிக்கு மட்டும் பதிலளிக்கிறேன். இங்கிலாந்தில் 16 வயதில் ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்தில் சேரலாம். தொழில்முறை ஒப்பந்தத்துக்கு 17 வயது நிறைவடைய வேண்டும். ஸ்காலர் நிலையில் இருப்பவர் முதன்மை அணியில் ஆடுவதற்குத் தடை இல்லை என்பதால்தான் அந்த சீசன் சாத்தியமாயிற்று.

நாடு விட்டு நாடு செல்வது ஃபிஃபாவின் 19ஆம் விதியின் கீழ் வருகிறது. 18 வயது நிரம்பாதவரின் பன்னாட்டுப் பரிமாற்றத்தை அது பொதுவாகத் தடுக்கிறது. கால்பந்துடன் தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்வது, எல்லையோரத்தில் வசிப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் உள்ளே 16 முதல் 18 வயது வரை உள்ளவர்கள், கல்வி, தங்குமிடம் முதலிய நிபந்தனைகளுடன் மாறலாம் என்பதும் அவற்றில் ஒன்று. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு வெளியேறினாலும், இடைக்கால ஏற்பாடு அவ்வாண்டு டிசம்பர் 31 வரை நீடித்தது. ஜூன் 29 அன்று 17 வயதை எட்டிய பெல்லிங்ஹாமின் பரிமாற்றம் ஜூலை 20 அன்று அறிவிக்கப்பட்டது. அதாவது, மூடப்படவிருந்த கதவின் வழியே கடைசி மாதங்களில் அவர் சென்றார்.

2021 தொடக்கத்திலிருந்து அந்த வழி இரு திசைகளிலும் அடைபட்டுவிட்டது. 16 வயதில் இங்கிலாந்து கிளப்புகளுக்குச் சென்றுகொண்டிருந்த அயர்லாந்துச் சிறுவர்களும் இப்போது 18 வரை காத்திருக்கிறார்கள். இங்கிலாந்து இளைஞர் ஒருவர் 17 வயதில் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லீகாவுக்கு இந்த வழியில் செல்வது இன்றைய நிலையில் இயலாது.

நடுக்களம்

மிகவும் பயனுள்ள விளக்கம். அப்படியானால் அவர் ஓராண்டு தாமதமாகப் பிறந்திருந்தால், 2022 ஜூன் இறுதி வரை இங்கிலாந்திலேயே இருந்திருக்க வேண்டும். அவர் எடுத்த முடிவைப் பற்றிப் பேசும்போது இந்தக் காலக்கணக்கை யாரும் குறிப்பிடுவதை நான் பார்த்ததில்லை.

வடக்கு கேலரி

மேலே உள்ளவற்றை மறுக்கவில்லை. ஆனால் வென்றவர் ஒருவரின் பாதையை மட்டும் வைத்துக்கொண்டு, இளைஞரை எவ்வளவு சீக்கிரம் முதன்மை அணிக்கு அனுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்ற முடிவுக்கு வாசகர்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஜாக் வில்ஷியரை நினைத்துப் பாருங்கள். 2008 செப்டம்பரில் 16 ஆண்டுகள் 256 நாட்கள் வயதில் ஆர்சனலுக்காக லீக்கில் அறிமுகமானார். 2010-11 சீசனில் 49 ஆட்டங்கள் ஆடினார். பார்சிலோனாவை 2-1 என வென்ற இரவில், ஷாவி, இனியஸ்டா இருந்த நடுக்களத்துக்கு எதிரே 19 வயதில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான் கிடைத்தது. அடுத்த சீசன் முழுவதையும் கணுக்கால் எலும்பு முறிவால் இழந்தார். அதன்பின் காயங்கள் அவரை விடவே இல்லை. 2022 ஜூலையில், 30 வயதில் ஓய்வு பெற்றார். ஆட்டச் சுமை மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். என்றாலும் வளர்ந்து முடியாத உடலுக்கு 49 ஆட்டங்கள் கொடுத்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பெல்லிங்ஹாமும் 2023 நவம்பரில் தோளில் காயமுற்று, அதன்பின் நெடுங்காலம் அந்தத் தோளுடனேயே ஆடி, 2025 ஜூலையில்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

மறுபுறம் ஹாரி கேன், 17 வயதில் லெய்டன் ஓரியன்டுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, சென்றவர். பின்னர் மில்வால், நாரிச், லெஸ்டர் என அலைந்தார். நாரிச்சில் காயத்தால் பெரும்பாலும் ஆடவில்லை, லெஸ்டரில் பெரும்பாலும் பெஞ்சில்தான் அமர்ந்திருந்தார். டோட்டன்ஹாமில் 21 லீக் கோல்களுடன் அவர் வெடித்தெழுந்த 2014-15 சீசன் தொடங்கியபோது அவருக்கு வயது 21. இன்று இங்கிலாந்து தேசிய அணியின் கோல் சாதனை அவரிடம்தான் இருக்கிறது.

இரண்டாம் பந்து

வில்ஷியர் பற்றிய கவலையில் நானும் பங்குகொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டிய கேனும், காயத்திலும் பெஞ்சிலும் வீணான மாதங்களைத் தவிர்த்துப் பார்த்தால், மில்வாலில் கீழிறக்கத்தைத் தவிர்க்கப் போராடிய அணிக்காக 9 கோல்கள் அடித்துத்தான் முதிர்ந்தார். வயதைவிட, அந்த இளைஞரை ஏற்கும் கிளப் அவரை எதற்காக ஏற்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

அந்த வகையில் டோர்ட்மண்டின் தேர்வு வெறும் ஆடும் வாய்ப்பு சார்ந்ததன்று. 2017இல் மான்செஸ்டர் சிட்டியிடமிருந்து 17 வயதில் அங்கே சென்ற ஜேடன் சாஞ்சோ, 2018-19 லீக்கில் 12 கோல்கள் அடித்திருந்தார். இளையவர்களான ஹாலண்டும் ஜியோ ரெய்னாவும் முதன்மை அணியில் இருந்தார்கள். இளையோரை வாங்கி, ஆடவைத்து, உரிய காலத்தில் பெரிய விலைக்கு விற்பது அக்கிளப்பின் வாழ்வாதாரம். ஆகவே பெல்லிங்ஹாமை ஆட வைப்பது அவர்களுக்குச் சலுகையன்று, தேவை. மான்செஸ்டர் யுனைடெட்டின் நடுக்களத்தில் போக்பாவும், 2020 ஜனவரியில் வந்து சேர்ந்த புரூனோ பெர்னாண்டஸும் இருந்தார்கள். அங்கே 17 வயதுப் பையனுக்காக யார் காத்திருப்பார்கள்?

நடந்ததையும் பாருங்கள். 2020 செப்டம்பர் 14 அன்று டூயிஸ்பர்குக்கு எதிரான ஜெர்மன் கோப்பை ஆட்டத்தில், தன் முதல் ஆட்டத்திலேயே கோல். ஐந்து நாள் கழித்து லீக் அறிமுகத்தில் ரெய்னாவின் கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தார். நவம்பர் 12 அன்று வெம்ப்ளியில் அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து ஜெர்சி. ஆனால் அந்த சீசன் முழுவதும் புண்டஸ்லீகாவில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல், அதுவும் ஏப்ரலில். கோல் எண்ணிக்கையை வைத்து அளக்கும் கிளப்பாக இருந்தால் அவரைப் பெஞ்சுக்கு அனுப்பியிருக்கும். டோர்ட்மண்டோ எல்லாப் போட்டிகளிலும் 46 ஆட்டங்கள் கொடுத்தது. அதே ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான முதல் ஆட்டத்தில், பந்து வலைக்குள் செல்லுமுன் நடுவர் விசிலை ஊதிவிட்டதால் அவருடைய கோல் கணக்கில் சேரவில்லை. இன்று நினைத்தாலும் மனம் ஆறாத முடிவு அது. அடுத்த வாரமே, இரண்டாம் ஆட்டத்தில் அவர் மேல் மூலையில் ஒரு கோல் அடித்தார். அணி வெளியேறியது, ஆனால் அவர் யார் என்பது ஐரோப்பா முழுவதும் தெரிந்துவிட்டது.

மூன்று சீசன்களில் அங்கே அவர் அடித்த கோல்கள் முறையே 4, 6, 14. அதன்பின் சென்ற ரியல் மாட்ரிட்டில் முதல் சீசனின் லீக் கோல்கள் மட்டும் 19. இடம் முன்னோக்கி நகர்ந்தது ஒரு காரணம்தான் என்றாலும், அவசரமில்லாமல் வளர விட்டதன் பயன் இந்த வரிசையில் தெரிகிறது.

விதிப்புத்தகம்

ஒரு சிறு இணைப்பு. பெல்லிங்ஹாமின் தம்பி ஜோபும் பர்மிங்காமில் 16 வயதிலேயே அறிமுகமானார். ஆனால் அவருக்கு வயது 17 ஆனபோது ஜெர்மனிக்கான வழி அடைபட்டிருந்தது. 2023இல் அவர் சென்றது, மைக் டாட்ஸ் பயிற்சியாளர் குழுவில் இருந்த சண்டர்லண்டுக்கு. அங்கே இரண்டு சாம்பியன்ஷிப் சீசன்கள் முழுமையாக ஆடி, 2025 மே மாதம் பிளே-ஆஃப் இறுதியில் வென்று அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியபின், 19 வயதில் டோர்ட்மண்டில் சேர்ந்தார். சண்டர்லண்டில் அவர் அணிந்த ஜெர்சியின் முதுகில் குடும்பப் பெயர் இல்லை, 'ஜோப்' என்று மட்டுமே இருந்தது.