ஒப்பமிடாத மென்பொருள்: 'மீறல்' என்ற சொல் வேண்டாம்

> அன்சைன்ட் சாஃப்ட்வேர் = கையொப்பமற்ற மென்பொருள். அதை ஓட வைப்பது = பாதுகாப்பு மீறல். இப்படியே வைத்துக்கொள்வோமா?

வணக்கம். அகராதிக்காக நீங்கள் கேட்டதில், முதற்பாதியில் சிறு திருத்தம், பிற்பாதிக்கு முழு மறுப்பு.

மென்பொருளுக்கு ஒப்பமிடுவது வெளியிடுபவரின் இரகசிய எண்ணாகிய ஒரு சாவி, ஆகவே 'கை' தேவையில்லை. 'கைச்சாத்து' என்றால் நம் பத்திரிகைகளில் இரு தரப்பு உடன்படிக்கை. 'முத்திரை' என்றால் தபாற்கந்தோர் நினைவுக்கு வரும். 'ஒப்பம்' போதும். ஆனால் 'ஒப்பமற்ற' என்று எழுதாதீர்கள். தட்டச்சில் ஒரு 'ம' விழுந்தால் 'ஒப்பற்ற மென்பொருள்' ஆகிவிடும், பொருளே தலைகீழ். 'ஒப்பமிடாத' என்பதில் அந்த ஆபத்து இல்லை. 'குறியற்ற' என்பதையும் இங்கே கொண்டுவர வேண்டாம். அது கழித்தல் குறி ஏற்காத முழுவெண்ணுக்கு உரியது.

> மலையகத்துச் சொல்லான 'துண்டு' என்பதை எடுத்தால் என்ன? துண்டு இல்லாத ஆளைத் தோட்டம் சேர்க்காது.

எடுக்கக் கூடாது. துண்டு சொன்னது கடன் கணக்கை: இவ்வளவு தொகையைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு. 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். மென்பொருள் ஒப்பம் சொல்வது வேறு இரண்டு: வெளியிட்டது யார், வெளியிட்ட பிறகு கோப்பு மாறவில்லை. கோப்பு நல்லதா கெட்டதா என்று அது சொல்வதே இல்லை. நம் பாட்டன்மாரைக் கட்டிப்போட்ட சொல் இந்த வேலைக்கு ஆகாது.

இனி 'மீறல்'. ஹட்டனில் ஒரு பிள்ளை தமிழ் விசைப்பலகை நிறுவி ஒன்றை இறக்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர் எழுதியது, ஒப்பமில்லை. ஒப்பமிடத் தேவையான சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டும். 2023 ஜூன் முதல் ஒப்பச் சாவியை டோக்கன் போன்ற வன்பொருளிலேயே வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. விண்டோஸில், அறியாத கோப்பை எச்சரிக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீனின் நீலப் பெட்டி எழும்புகிறது. அதில் தெரியும் பொத்தான் 'டோன்ட் ரன்' மட்டுமே. 'மோர் இன்ஃபோ'வை அழுத்தினால்தான் 'ரன் எனிவே' வரும். தயாரித்தவரின் தளத்திலிருந்தே எடுத்ததை உறுதிசெய்துகொண்டு அவள் அதை அழுத்தினால், எதையும் மீறவில்லை. இயங்குதளமே வைத்த வழி அது.

இப்படித் தடையைத் தாண்டுவதைச் சொல்லும் 'பைபாஸ்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் நான்கு செயல்கள் கிடக்கின்றன. எவ்வளவு திறக்கிறது, எவ்வளவு நேரம் திறக்கிறது என்பதைத் தமிழ்ச் சொல் காட்ட வேண்டும்.

முதலாவது, குறிநீக்கம். இணையத்திலிருந்து வந்த கோப்போடு விண்டோஸ் ஓர் அடையாளத்தை ஒட்டிவைக்கிறது. கோப்பில் வலது சொடுக்கி 'ப்ராப்பர்டீஸ்' திறந்தால், 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' என்ற சின்னக் கட்டம் இருக்கும். அதில் சரி போட்டு 'ஓகே' கொடுத்தால் அடையாளம் போய்விடும். ஃபேட்32 பென்டிரைவில் நகல் எடுத்தாலும் போய்விடும், ஏனெனில் அந்தக் கோப்பமைப்பில் அதை வைக்க இடமில்லை. ஒரே நிறுவி ஒரு கணினியில் தடுக்கப்பட்டு அடுத்ததில் பேசாமல் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, தனிவிலக்கு: ஒரு செயலிக்கு மட்டும். மேக்கில் முன்பு கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கலாம். 2024இல் வந்த செகோயா என்ற மேக் பதிப்பு அதை எடுத்துவிட்டது. இப்போது ஒருமுறை திறக்க முயன்று தடைபட்ட பிறகு, செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் கீழே 'ஓபன் எனிவே' தோன்றும். சுமார் ஒரு மணி நேரம்தான் இருக்கும். தேநீர் குடித்துவிட்டுப் பிந்தி வந்தால் மறுபடி திறக்க முயல வேண்டும். எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சிப்புகளுக்கென்றே கட்டிய நிரலில் ஒப்பமே இல்லையென்றால் தனிவிலக்கும் உதவாது. ஆள் பெயரில்லாத ஒப்பமாவது இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, காவல் தளர்த்தல். கணினி முழுவதற்கும் காவல் குறைகிறது. 'மீறல்' என்ற பயம் பொருந்துமென்றால் இங்கேதான். விண்டோஸில் ஷிஃப்டை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்', பிறகு 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்', மறுதொடக்கம், 7ஆம் விசை. ஒப்பமிடாத சாதன இயக்கியும் (டிரைவர்) ஏறும், ஆனால் அடுத்த தொடக்கம் வரைதான். அதன் பிறகு டிவைஸ் மேனேஜரில் 52 என்ற பிழை நிற்கும். நிரந்தரமாக்க, இந்தச் சோதனையைத் தளர்த்தும் டெஸ்ட் மோடுக்குப் போனால், கணினி தொடங்கும்போதே ஒப்பம் பார்க்கும் செக்யூர் பூட் விடாது. அதை அணைத்தால், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். எழுதி வைக்காதவர் தொடவே கூடாது.

நான்காவதை மற்றவற்றோடு சேர்ப்பதே பிழை: சாவி சேர்ப்பு. லினக்ஸில் சொந்தச் சாவியால் கருவகத் தொகுதிக்கு (கெர்னல் மாட்யூல்) ஒப்பமிட்டு, அந்தச் சாவியைக் கணினி நம்பும்படி பதிவது. காவல் அப்படியே நிற்கிறது. மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் சில விநாடிக்குள் ஒரு விசையை அழுத்தாவிட்டால் சாவி பதியாது, தொகுதியும் ஏறாது.

நான்கையும் நான்கு பதிவாகவே அகராதியில் போடுங்கள். 'காவல் தளர்த்தல்' எனக்கே கொஞ்சம் நீளமாகப் படுகிறது. சுருக்கமான சொல் இருந்தால் எழுதுங்கள்.