மட்டக்களப்பு வாவியில பொழுதுபடக்குள்ள போட் ஓட்டம்: அம்மாவையும் பிள்ளையளையும் கூட்டிப் போகலாமா?

கல்லடி மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆவணி மாசம் அண்ணா குடும்பத்தோட கனடாவில இருந்து வாறார், ரெண்டு பிள்ளையள், மூத்தவனுக்கு பத்து வயசு சின்னவளுக்கு ஆறு. போன முறை வரக்குள்ள வழியில இஸ்தான்புல்ல ரெண்டு நாள் நிண்டு பொழுதுபடுற நேரம் யாட் எண்ட சொகுசுப் போட்ல ஏறி பொஸ்பரஸ் நீரிணையில மாளிகையள், பழைய கோட்டை, பள்ளிவாசல் எல்லாம் பார்த்தவங்க, அந்தக் கதைய போன்ல அம்மாட்ட எத்தின தரம் சொன்னாங்க எண்டு கணக்கில்ல. அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, நம்மட வாவியில பொழுது படுறத அதுகள் ஒருக்காலும் பார்க்கல்லயே பிள்ள எண்டா. அண்டையில இருந்து எனக்கு இதே யோசினதான்.

அம்மாக்கு இந்த வருசம் எழுபது. பிறந்து வளர்ந்தது மண்டூர், கலியாணம் முடிச்சு கல்லடிக்கு வந்தவ. இவ்வளவு காலமா வாவிக்கரையிலயே இருக்கிறா ஆனா டவுன தண்ணியில நிண்டு பார்த்ததே இல்ல. முழங்கால் வருத்தமும் இருக்கு, ஏறி இறங்குறது கஸ்டம்.

நான் ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு போட்ல போய் மனசு விட்டுப் போச்சு, ஆறு பேருக்கு நாலு லைஃப் ஜாக்கெட்தான் தந்தாங்க, எஞ்சின் இரைச்சல்ல பக்கத்தில இருக்கிற ஆள் கதைக்கிறது கூட கேக்கல்ல, ஒரு இடத்திலயும் நிப்பாட்டாம அரை மணித்தியாலத்தில கொண்டு வந்து இறக்கிப் போட்டாங்க. அப்பிடி ஒண்டு வேணாம். எங்க ஏறுறது நல்லம், எத்தின மணிக்கு வெளிக்கிடணும், பிள்ளையளுக்கு என்னென்ன காட்டலாம், ஆவணியில தண்ணிக்குள்ள இருந்து வாற பாடும் மீன் சத்தம் கேக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வாவிக்கரைத் தம்பி:

அக்கா கட்டாயம் கூட்டிப் போங்க. முதல்ல பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லிக் குடுக்கணும். வெளியூர்ல இருந்து வாற கனபேர் கல்லடி கடற்கரையில போய் நிண்டு சூரியன் எப்ப கடல்ல விழும் எண்டு பார்த்துக் கொண்டிருப்பாங்க, நம்மட கடல்ல சூரியன் உதிக்கும், விழுறது வாவிக்கு அங்கால. அதாலதான் கடல் பக்கத்துக்கு எழுவான்கரை எண்டும் அங்கால வயல் பக்கத்துக்கு படுவான்கரை எண்டும் நம்மட ஆக்கள் பேர் வச்சது. சூரியன் எழும்புற கரை, படுற கரை. போட்ல நடு வாவியில வச்சு ரெண்டு பக்கமும் கைய நீட்டிக் காட்டிச் சொல்லுங்க, பிள்ளையள் மறக்காதுகள்.

நான் போனது பாலமீன்மடு லைட் ஹவுஸ் பக்கத்தில ஏறி. அந்த லைட் ஹவுஸ் 1913ல கட்டினது, 28 மீற்றர் உயரம், கண்டல் காட்டுக்கு மேலால வெள்ளையா எழும்பி நிக்கும், கிட்டத்திலதான் வாவி கடலோட சேருற முகத்துவாரம். அங்க இருந்து தெற்கால வரக்குள்ள இடப்பக்கம் நாவலடி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில மெல்லிசா நீண்டு கிடக்கிற மண் அது, 2004 சுனாமி அந்த ஊர என்ன செய்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, அந்த இடத்தில எங்கட போட்காரர் தானாவே எஞ்சின குறைச்சவர், நாங்களும் ஒண்டும் கதைக்கல்ல. வலப்பக்கம் அமிர்தகழி. மறுகா கல்லடிப் பாலம். பழைய இரும்புப் பாலத்துக்கு லேடி மனிங் எண்டு ஒரு வெள்ளைக்கார கவர்னர்ட மனுசிட பேர், பக்கத்தில இருக்கிற புதுப் பாலம் 2013ல திறந்தது. மேலால எத்தினையோ ஆயிரம் தரம் பஸ்ல போயிருப்பம், கீழால போகக்குள்ள அந்த இரும்பும் தூணும் எவ்வளவு பெரிசு எண்டு அப்பதான் விளங்கும்.

பாலத்தத் தாண்டி வந்தா டவுன் இருக்கிற புளியந்தீவு. இதுக்காகத்தான் நான் தண்ணியில போகச் சொல்றது. ரோட்டால போனா கோட்டை நமக்கு கச்சேரி எண்ட அரசாங்கக் கந்தோர் அலுவலுக்குப் போய் வந்த ஒரு பழைய கட்டிடம் மட்டும்தான். தண்ணியில இருந்து பார்த்தாத்தான் அது கோட்டை. ரெண்டு பக்கம் வாவி, மத்த ரெண்டு பக்கம் அகழி, நாலு மூலையிலயும் கொத்தளம், பாசி பிடிச்ச கருங்கல்லுச் சுவர். போர்த்துக்கேயர் 1628ல கட்டினது, பத்து வருசத்தில 1638 வைகாசியில ஒல்லாந்தர் கண்டி ராசா ரெண்டாம் ராஜசிங்கனோட சேர்ந்து புடிச்சிட்டாங்க, இலங்கையில ஒல்லாந்தர் கையில விழுந்த முதல் கோட்டை நம்மடதான். இத எங்கட பிள்ளையள் கனபேருக்கு தெரியா, காலி ஊர்ல இருக்கிற கோட்டையத்தான் தெரியும்.

காந்திப் பூங்காப் பக்கம் வந்தா மட்டக்களப்பு வாயில் இருக்கு, 1814ல வில்லியம் ஓல்ட் எண்ட மெதடிஸ்த பாதிரியார் வந்து இறங்கின இடம், அவர்ட சிலையும் அதில இருக்கு. சென்ட்ரல் கொலிஜ் தொடங்கினது அந்த வருசம்தான். யோசிச்சுப் பாருங்க அக்கா, கோட்டை கட்டினவன், பள்ளிக்கூடம் வச்சவன், யாவாரம் செய்ய வந்தவன் எல்லாரும் தண்ணியாலதான் இந்த ஊருக்குள்ள வந்தது. ஊருட முகம் வாவிப் பக்கம் பார்த்துத்தான் இருக்கு, நாங்க ரோட்டால போய் முதுகத்தான் பார்த்துக் கொண்டு திரியிறம். அம்மா இவ்வளவு காலம் பார்க்காதது அந்த முகம்தான்.

நேரத்தில கவனமா இருங்க. ஆவணியில ஆறே கால் போலத்தான் சூரியன் விழும், நவம்பர் எண்டா ஐஞ்சே முக்காலுக்கு முதலே போயிடும். நாலே முக்காலுக்கு ஏறினா மெதுவா வந்து பொழுதுபடுற செக்கல் நேரத்தில கோட்டைக்கு முன்னால நிக்கலாம். விழுந்து இருவது இருவத்தஞ்சு நிமிசத்தில இருட்டிப் போகும், அதுக்குள்ள படம் எடுக்கிறத எடுத்திடுங்க.

தோணிக்காரன் மகன்:

தம்பி சொன்னது சரி. நான் வேற பக்கத்தால சொல்றன், எங்க அப்பா முப்பது வருசமா வாவியில இறால் பிடிக்கிறவர்.

செக்கல் நேரம் பார்க்கிறாக்களுக்கு வடிவு, எங்களுக்கு அது வலை விடுற நேரம். நடு வாவியில தோணியில ஒராள் நிண்டு கொண்டு வலை இறக்குவார், அந்த நேரம் பக்கத்தால ஒரு போட் வேகமா போனா அந்த அலையில தோணி பிரளப் பார்க்கும், வலையும் எஞ்சின்ல சிக்கிக் கிழியும். ஒரு வலை கிழிஞ்சா ஒரு மாச உழைப்பு. அதால போட் பேசக்குள்ளயே மெதுவா போகணும் எண்டு சொல்லிப் போட்டு ஏறுங்க, தோணியளக் கண்டா விலத்திப் போகச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க, காசு குடுக்கிறது நீங்கதானே.

ஆவணியில கச்சான் காத்து இருக்கும். பகல் முழுக்க அடிச்சா பின்னேரமும் தண்ணி குலுக்கும், கனக்கா அடிச்சா அண்டைக்கு விட்டுட்டு அடுத்த நாள் போங்க. மாரியில எண்டா நான் போகவே சொல்ல மாட்டன், வெள்ளத்தண்ணி வந்து ஆத்துவாழைச் செடி மிதக்கும், முகத்துவாரம் வெட்டினா இழுவையும் கூட.

அம்மாட முழங்காலுக்கு, தட்டையான மேடை போட்ட போட் பாருங்க, கதிரை வச்சு இருக்கலாம். ஃபைபர் போட் எண்டா கால உயத்தி விளிம்பத் தாண்டி இறங்கணும், அவவுக்கு ஏலா. முதல் நாளே போய் இறங்குதுறையில பலகை இருக்கா, கைபிடிக்க ஏதும் இருக்கா எண்டு பார்த்திட்டு வாங்க. லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒண்டு, சின்னப் பிள்ளைக்கு சின்ன சைஸ், அது இல்லாட்டி ஏறவே வேணாம். வாவியில முதலையும் இரிக்கு, பிள்ளையள கைய தண்ணிக்குள்ள விட விடாதீங்க.

காத்தான்குடியான்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் அக்கா. நான் அந்த இஸ்தான்புல் யாட்லயும் போயிரிக்கன், நம்மட வாவியிலயும் போயிரிக்கன். அது பெரிய ஊரு, சும்மா சொல்லப்படாது. பொஸ்பரஸ் 31 கிலோமீற்றர் நீளம், ஒரு கரை ஐரோப்பா மறு கரை ஆசியா, டொல்மாபாஹ்ச்சே மாளிகை தண்ணிக்கு விளிம்பிலயே வெள்ளையா நீண்டு கிடக்கும், ருமெலி கோட்டை 1452ல கட்டினது, பொழுதுபட்டா எல்லாத்துக்கும் லைட் போட்டுருவாங்க. ஆனா நடுவால எண்ணெய்க் கப்பல் போகும், நூறு போட் போகும், எல்லாத்திலயும் பாட்டு. நம்மட வாவி 56 கிலோமீற்றர், அதில செக்கல் நேரம் நீங்க போற போட்டும் நாலஞ்சு தோணியும்தான் இரிக்கும்.

எனக்கு ரெண்டு இடத்திலயும் ஒரே மாதிரி மனசில நிண்டது பள்ளிவாசல்ல சொல்ற மஃரிபு பாங்குதான். அங்க ரெண்டு கரையிலயும் இருந்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டா தண்ணிக்கு மேலால வரும். இங்கயும் சூரியன் விழுந்த உடன காத்தான்குடிப் பக்கத்தால பாங்கு வரும், அதே நேரத்துக்கு கோயில் மணியும் கேக்கும். எஞ்சின் ஓடினா இது ஒண்டும் கேக்காது. அதால அந்தப் பத்து நிமிசம் எஞ்சின நிப்பாட்டச் சொல்லுங்க, பாட்டுப் போடவும் விடாதீங்க.

படுவான்கரைக் கிழவன்:

மகள், நீ மண்டூர்ப் பிள்ள பெத்த பிள்ள எண்டு சொன்ன படியால நான் எழுதிறன்.

உன்ட அம்மாக்கு யாட்ட விட பாதை முக்கியம். கனடாப் பிள்ளையளுக்கு பாதை எண்டா ரோட்டு எண்டு நினைக்குங்கள், நமக்கு அது வாவி கடக்கிற மிதவை, மனுசர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல்லு மூட்டை எல்லாத்தையும் ஏத்திக் கொண்டு போறது. மண்முனையில 2014ல பாலம் வந்த புறகு அந்தப் பாதை நிண்டு போச்சு. குருமண்வெளியில இருந்து மண்டூருக்குப் பாதையால போறது எண்டா என்னெண்டு உன்ட அம்மாட்ட கேட்டுப்பார், ஊருக்குப் போறத்துக்கு எத்தின தரம் அதில ஏறியிரிப்பா. பிள்ளையள ஒருக்கா அதில கூட்டிக்கொண்டு போ.

இன்னும் ஒண்டு. மண்டூர் முருகன் கோயில் தீர்த்தம் ஆவணிப் பூரணையில. பாடும் மீன் கேக்கிறதும் பூரணைய ஒட்டித்தான், சித்திரையில இருந்து புரட்டாதி மட்டும், காத்தில்லாத ராவில. ரெண்டும் ஒண்டா வருகிது பார். தீர்த்தத்துக்கு முதல் நாள் பின்னேரம் போட்ல போங்க. பூரணைக்கு முதல் நாள் சூரியன் விழ ஒரு மணித்தியாலம் போல இரிக்கக்குள்ளயே நிலவு எழும்பிரும். படுவான்கரையில சூரியன் இறங்கும், எழுவான்கரையில தென்னைக்கு மேல நிலவு நிக்கும், நடுவில நீங்க. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு மேல ஒரு வடிவு இல்ல.

மீன் கேக்க பழைய பாலத்துக்கிட்ட போட்ட நிப்பாட்டி, துடுப்புட ஒரு முனைய தண்ணிக்குள்ள தாட்டு மறு முனையில காத வைக்கணும். ஊரி எண்ட தண்ணி நத்தைதான் அந்தச் சத்தம் போடுற எண்டு நம்மட ஆக்கள் சொல்லுவாங்க, வீணைக் கம்பிய மெல்லத் தட்டின மாதிரி ஒரு சத்தம், ஒண்டில்ல, கனக்க. 1950களில பாதர் லாங் எண்ட அமெரிக்க யேசுசபைச் சாமியார் அத றெக்கோட் பண்ணி இலங்கை வானொலியிலயும் போட்டது. போனவுடன கேக்கும் எண்டு நினைக்காத. பொறுமையா இரிக்கணும், மனுசர் கதைக்கப்படாது.

புதுநகர் பொடியன்:

அக்கா காசு ஆள் கணக்கா போட் கணக்கா, எத்தின மணித்தியாலம், நிலவு மட்டும் நிக்கலாமா எண்டு முதலே தெளிவா பேசிட்டு ஏறுங்க. ராவில நிக்கிறது எண்டா போட்ல லைட் இருக்கணும். நுளம்புக்கு ஏதும் பூசிக்கொண்டு போங்க, கண்டல் பக்கம் செக்கல்ல கடி தாங்கேலா.

கல்லடி மகள்:

எல்லாருக்கும் நன்றி, போயிட்டு வந்துதான் எழுதுறன். ஐயா சொன்ன மாதிரியே தீர்த்தத்துக்கு முதல் நாள் போனம். தட்டை போட், கதிரை வச்சு அம்மாவ இருத்தினம், ஏத்துறதுக்கு அண்ணாவும் போட்காரரும் ரெண்டு பக்கமும் பிடிச்சவங்க, முழங்காலுக்கு ஒண்டும் ஆகல்ல. காத்து கொஞ்சம் இருந்தது, ஆறு மணிக்குப் பிறகு அடங்கிட்டு.

கோட்டைக்கு முன்னால எஞ்சின நிப்பாட்டினம். மூத்தவன் எழுவான் படுவான் எண்டு ரெண்டு கையையும் நீட்டிக் கொண்டு நிண்டான், ஒரு கைப்பக்கம் சிவப்பு, மறு கைப்பக்கம் நிலவு. பாங்கு வந்தது, சின்னவள் உடனே இஸ்தான்புல் எண்டாள். அம்மா கோட்டைச் சுவரையே பார்த்துக் கொண்டிருந்தா, பிறகு இதுக்குள்ள எத்தின தரம் கச்சேரிக்கு வந்து கால் கடுக்க நிண்டிருக்கன், இவ்வளவு வடிவா இருக்கும் எண்டு நினைக்கல்ல எண்டு சொன்னா. ஒரு தோணி பக்கத்தால போச்சு, எங்கட போட்காரர் அவருக்கு கையக் காட்டி வலை முடியும் மட்டும் அசையாம நிண்டவர், தோணிக்காரன் மகன் உங்கள நினைச்சன்.

திரும்பி வரக்குள்ள பழைய பாலத்துக்குக் கீழ நிண்டம். அண்ணா துடுப்ப வச்சுக் கேட்டார், ஒண்டும் இல்ல எண்டார். பிள்ளையளுக்கும் கேக்கல்ல. நானும் பாலத்தில போற மோட்டார் சைக்கிள் சத்தத்தத்தான் கேட்டன். கடைசியா அம்மா தாங்கோ எண்டு வாங்கி காத வச்சா. கன நேரம் அப்பிடியே இருந்தா. சின்னவள் என்ன அம்மம்மா எண்டு கேக்கப் போக, அம்மா கண்ணத் திறக்காம ஒரு கைய மட்டும் உயத்தி கதைக்காத எண்டு காட்டினா. நாளைக்கு விடிய குருமண்வெளிக்குப் போய் பாதையால மண்டூருக்குப் போறம்.