ஏஜென்ட் ஆரஞ்சு: மாமனாரோட நரம்பு பாதிப்புக்கு டிசெபிலிட்டி கிடைக்குமா?

கேள்வி:
என் மாமனார் அமெரிக்கர், 1969ல வியட்நாம்ல சண்டை போட்டவரு. இப்போ ரெண்டு காலும் மரத்துப் போச்சு, செருப்பு கழண்டா கூட தெரியாம நடந்துட்டே போறாரு, ராத்திரி பாதம் எரியுதுன்னு தூங்கறதே இல்ல. அங்க அமெரிக்க ராணுவம் தெளிச்ச ஏஜென்ட் ஆரஞ்சுங்கற களைக்கொல்லினாலதான்னு, முன்னாள் ராணுவத்தினருக்கான அமெரிக்க அரசுத் துறைகிட்ட ஊன உதவித்தொகைக்கு (டிசெபிலிட்டி) கிளெய்ம் போடலாமா?

பதில் 1:
ப்ரோ, அந்த சமயத்துல வியட்நாம்ல இருந்தாலே களைக்கொல்லி பட்டதா எடுத்துக்குவாங்க, அத நிரூபிக்க வேணாம். ஆனா நரம்பு பாதிப்பு, களைக்கொல்லி பட்ட ஒரு வருஷத்துக்குள்ளயே 10 சதவீத ஊனம்ங்கற அளவுக்காவது வந்திருக்கணும்னு ரூல். வயசான அப்புறம் கஷ்டப்படறவங்க எங்க போவாங்க, ரொம்ப அநியாயம்ங்க இது.

பதில் 2:
அவருக்கு சுகர் இருக்கா? ஏஜென்ட் ஆரஞ்சால வந்ததா அவங்களே எடுத்துக்கற வியாதிங்க லிஸ்ட்ல டைப் 2 சுகர் இருக்கு, முதல்ல அதுக்கு போடுங்க, சுகரால நரம்பு போச்சுன்னு கூடவே சேர்த்துக்கலாம், ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி ரேட்டிங் (ஊன சதவீதம்) வரும்.

கேட்டவர்:
இருக்குங்க, ரொம்ப வருஷமா மாத்திரை போடறாரு!

பதில் 2:
அப்போ நரம்பு டெஸ்ட் ரிப்போர்ட்டோட, சுகராலதான் வந்திருக்க பாதிக்குப் பாதியாவது வாய்ப்பிருக்குன்னு டாக்டர்கிட்ட காரணத்தோட லெட்டர் வாங்குங்க. அதுக்கு முன்னாடி 'இன்டென்ட் டு ஃபைல்' (கிளெய்ம் போடப் போறேன்னு முன்கூட்டியே சொல்றது) இன்னைக்கே போட்ருங்க, ஒரு வருஷத்துக்குள்ள முழு கிளெய்ம் போட்டா பணம் அந்த தேதியில இருந்தே கணக்காகும்.