ஆயாவைப் பகலில் கூட்டி வாங்க

மெர்சி அத்தை: சனிக்கிழமை அம்மாவைப் புதுச்சேரி திரு இருதய ஆண்டவர் கோயிலுக்கு அழைத்து வரலாம் என்று இருக்கிறேன். கடலூரில் சாயங்காலம் ஐந்தரைக்குப் பஸ் ஏறினால் போதும் இல்லையா?

ஜான்: வேண்டாம் அத்தை, காலையிலேயே வாங்க. போன கிறிஸ்துமஸுக்கு இராப் பூசைக்கு வந்தோமே, ஜன்னல் எல்லாம் கறுப்பாகத்தான் தெரிந்தது. வெளியே வெயில் இருந்தால்தான் உள்ளே நிறம் இறங்கும். அந்தக் கண்ணாடிகளில் 28 புனிதர்கள் இருக்கிறார்கள். ஆயா ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை.

பெரியப்பா: ரயிலடிக்குப் போகும்போதெல்லாம் வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டுப் போகிறேன். அந்தச் சிவப்பும் வெள்ளையுமே கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

ஜான்: ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணாடி மங்கல்தான் பெரியப்பா. நேற்று ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். முன் பெஞ்சில் ஒரு அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் புறங்கையில் நீலம் விழுந்திருந்தது. நாலைந்து மணி உருட்டுவதற்குள் அது நகர்ந்து, மணிக்கட்டில் சிவப்பு வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. எனக்கு ஆயா ஞாபகம்தான்.

சித்தி: சுவரில் அவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தால் பலம் போகாதா தம்பி?

ஜான்: அதுதான் கோதிக் என்கிற பழைய ஐரோப்பியக் கட்டுமானம் சித்தி. வளைவு அரைவட்டமாக இல்லாமல், கை கூப்பின மாதிரி மேலே கூர்ந்து நிற்கும். அப்போது கூரையின் பாரம் சுவரைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் தூண் வழியாகக் கீழே இறங்கிவிடும். உள்ளே 24 தூண்கள் இருக்கின்றன. பாரத்தை அவை வாங்கிக்கொள்வதால் சுவரைத் திறந்து கண்ணாடி வைக்க முடிகிறது.

பெரியப்பா: இந்தக் கோயிலை 1902இல் ஆரம்பித்து 1907இல் முடித்தார்கள். போப்பாண்டவர் தரும் பசிலிக்கா என்கிற சிறப்புப் பட்டம் கிடைத்தது 2011இல்.

மெர்சி அத்தை: அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார். வாசலுக்கு மேலே என்னவோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்கிறார்.

ஜான்: லத்தீன் மொழி அத்தை. இது கடவுளின் வீடு, விண்ணகத்தின் வாசல் என்று அர்த்தம். பைபிளில் யாக்கோபு கனவில் ஏணியைக் கண்டு, விழித்ததும் சொன்ன வார்த்தை.

மெர்சி அத்தை: சொன்னேன். ஏணிக் கதையை அவரே முழுசாக எனக்குச் சொல்லிவிட்டார் 🙏 சரி, காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறுகிறோம்.

ஜான்: பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நிற்கிறேன். ஆயாவின் மூக்குக்கண்ணாடியை மறக்காதீங்க. வானம் மூடியிருந்தால் முதல் நாள் ராத்திரியே சொல்கிறேன், அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.