‘ரெமோர்க்’ திரையிடல்: சப்டைட்டில் பின்தங்குகிறது

கேள்வி: ஹட்டன் வாசகசாலையில் பிரெஞ்சு இயக்குநர் கிரெமியோனின் ‘ரெமோர்க்’ படத்தைப் போடப் போகிறோம். தமிழ் சப்டைட்டில் தொடக்கத்தில் பொருந்துகிறது, முடிவில் 3 நிமிடம் பிந்துகிறது. புயற்காட்சிகளும் பொம்மைக் கப்பல் மாதிரி இருக்கின்றன. பிரதி பழுதா அண்ணே?

பதில் 1: பிரதியில் பழுதில்லை தம்பி. ஐரோப்பிய டிவிடி செக்கனுக்கு 25 பிரேம் ஓடும், உங்கள் சப்டைட்டில் 24க்குச் செய்தது. எல்லா நேரங்களையும் 0.96ஆல் பெருக்குங்கள். அதன்பிறகும் கடைசியில் 4, 5 செக்கன் பிசகினால் சப்டைட்டில் 23.976 பிரேமுக்குச் செய்தது, அப்போது பழைய நேரங்களை 0.96க்குப் பதில் 0.959ஆல் பெருக்குங்கள். கோப்பை யூடிஎப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும்.

பதில் 2: புயலில் தெரிவது மாதிரிக் கப்பல்தான். 1939இல் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் தொடங்கிய படப்பிடிப்பை யுத்தம் நிறுத்தியது. மிச்சம் ஸ்டூடியோவில் முடிந்து 1941இல்தான் வெளியானது. அதைக் குறையாக எண்ணாதீர்கள். இழுவைக் கப்பல் கப்டனாக நடிக்கும் கபேன், நோயை மறைக்கும் மனைவியாக நடிக்கும் மதலேன் ரெனோ, இந்த இருவரின் முகத்தில்தான் உண்மையான புயல்.

பதில் 1: புரொஜெக்டரில் படத்தின் அகல உயர விகிதத்தை 4:3இல் வையுங்கள், அகலமாக இழுத்தால் முகங்கள் சப்பையாகும். முடிவில் அலையோசைக்கு மேல் இறந்தோருக்கான பிரார்த்தனை ஒலிக்கும். அது அடங்கும்வரை லைட்டைப் போடவே வேண்டாம்.