குளிர்கால ஒலிம்பிக் பார்க்கப் போனவங்க கண்டது: சுங்கை சிப்புட் அனுபவப் பகிர்வு

2026 பிப்ரவரியில் இத்தாலியில் நடந்த 'மிலானோ கோர்த்தினா' குளிர்கால ஒலிம்பிக் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள். பெயருக்கு முன்னால் இருப்பது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களின் பெயர்.

கமுனிங் தம்பி:

தைப்பூசம் முடிந்த கையோடு மிலானுக்குக் கிளம்பிய நம்ம ஊர்க் குடும்பம், நாலு பேர். கோலாலம்பூர் விமான நிலையம் கே.எல்.ஐ.ஏ. கவுண்டரில் இருந்த பெண் கடப்பிதழில் பெயர் வரிக்கு அடியில் விரலை ஓட்டுகிறார், திரையைப் பார்க்கிறார், மறுபடி விரலை ஓட்டுகிறார். டிக்கெட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் 'ஏஎல்' (மலாயில் 'இன்னாரின் மகன்' என்பதன் சுருக்கம்) மட்டும்தான் இருக்கிறது. அப்பா பெயரையே காணோம்.

இணையப் படிவம் சாய்கோட்டை ஏற்காது. அதனால் 'ஏ/எல்', 'ஏ/பி' (இன்னாரின் மகள்) போடும்போது பலருக்கும் இது நடக்கிறது. சாய்கோட்டை எடுத்துவிடுங்கள். சொந்தப் பெயர் முதல் கட்டத்தில், அப்பா பெயர் கடைசிக் கட்டத்தில். 'ஏஎல்' எங்கே சேர வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே எழுத்துக்கூட்டல்தான் விமானம், விடுதி, போட்டி டிக்கெட் மூன்றிலும் இருக்க வேண்டும்.

ஹீவூட் அக்கா:

தம்பி சொன்னது சரி, ஆனால் பெயர்ப் பிழையைச் சில நேரம் கவுண்டரிலாவது திருத்தலாம். ஊரையே தப்பாகப் பிடித்தால் திருத்த வழியில்லை. 'மிலானோ கோர்த்தினா' ஒரே ஊர் இல்லை. இரண்டுக்கும் நடுவே 400 கிலோமீட்டர், அதாவது தஞ்சோங் மாலிமிலிருந்து ஜொகூர் பாரு தூரம், அதுவும் மலை ஏற்றம். ஐஸ் ஹாக்கியும் ஃபிகர் ஸ்கேட்டிங்கும் மிலானில். பெண்கள் மலைச்சரிவுப் பனிச்சறுக்கு கோர்த்தினாவில், ஆண்களுக்கு போர்மியோவில். ஒரே பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டு லிவிஞ்ஞோவில்.

கோர்த்தினாவில் ரயில் நிலையமே கிடையாது; அந்தப் பாதையை 1964-லேயே மூடிவிட்டார்கள். ரயில் கலால்ட்ஸோவோடு நின்றுவிடும், மிச்சம் 35 கிலோமீட்டர் பேருந்தில். அந்த நிலையத்து வாசலில் ராத்திரி நேரம் சூட்கேஸ் சக்கரம் பனியில் புதைந்து நிற்க, பேருந்து நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் மறக்காது. கடைசிப் பேருந்து போயிருந்தது.

அதனால் எந்தப் போட்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து அந்த மலைக்குக் கீழே படுக்கை, பிறகு கடைசிப் பேருந்து நேரம். விமானம் கடைசியில்தான். நம்ம ஆட்கள் மலிவு டிக்கெட் கண்டதும் விமானத்தைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

எல்ஃபில் அண்ணன்:

அக்கா, விமானத்தைக் கடைசியில் வாங்கு என்பதை நான் ஒத்துக்கமாட்டேன். 2026-இல் சீனப் பெருநாள் பிப்ரவரி 17, போட்டி 6 முதல் 22 வரை. பெருநாள் விடுமுறை நெருங்க நெருங்க விலை எகிறும். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து முதலிலேயே வாங்குவதுதான் புத்தி.

நான் சொல்ல வந்தது வேறு. அரங்க வாசலில் ஒரு அப்பா, குடும்பத்தின் நாலு டிக்கெட்டும் அவர் ஒருவர் கைபேசியில். 40 விழுக்காடு காட்டிய பேட்டரி, அவர் கையுறையைக் கழற்றித் திரையைத் தொடும்போதே அணைந்துவிட்டது. கடும் குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் தடை கூடி மின்னழுத்தம் சரியும், கைபேசி தானே அணையும். சட்டைக்குள் உடம்போடு ஒட்டிப் பத்து நிமிடம் வைத்தால் பெரும்பாலும் உயிர் வரும். டிக்கெட்டை அவரவர் கைபேசிக்கு முதல் நாளே மாற்றிவிடுங்கள். பவர் பேங்க் உள்பாக்கெட்டில் இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில்தான் அதைக் கொண்டுபோக வேண்டும்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன், குளிரைப் பற்றி. நம்ம கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா 1,440 மீட்டர் உயரம். அதைவிடத் தாழ்வான கோர்த்தினா 1,224 மீட்டர்தான். ஆனால் கேமரன் சுவெட்டர் அங்கே உதவாது. பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம்; வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், நின்றதும் உடம்பு நடுங்கும். உடம்போடு ஒட்டிக் கம்பளி உள்ளாடை, மேலே ஃப்லீஸ் என்னும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். தோட்டத்துக் கறுப்பு பூட்ஸ் தண்ணீர் புகாதே என்று எடுத்துப் போகாதீர்கள், அந்த பி.வி.சி. குளிரில் விறைத்து வழுக்கும், காலின் சூட்டையும் தக்கவைக்காது. சப்பாத்து ஒரு அளவு பெரிதாக, தடித்த கம்பளிக் காலுறை ஒன்று போதும். இரண்டு போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். மூன்று மணி நேரம் பனியில் நிற்கும்போது காலுக்கடியில் ஒரு துண்டு அட்டைப்பெட்டி போடுங்கள், மளிகைக் கடை அட்டையே போதும். குளிர் அடியிலிருந்துதான் ஏறுகிறது.

டோவன்பி வாத்தியார்:

அண்ணன் சொல்லும் 'மாற்றக்கூடிய டிக்கெட்' விதியை முழுசாகப் படியுங்கள். தேதி மாறினாலும் விலை வித்தியாசம் கட்ட வேண்டும். இந்த விஷயத்தில் அக்கா பக்கம்தான் நான்.

மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் (பொது எல்லை கொண்ட ஐரோப்பிய நாடுகள்) விசா தேவையில்லை, 180 நாளில் 90 நாள் தங்கலாம். ஆனால் 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 12 வயதுக்குக் கீழே விரல்ரேகை இல்லை. இது நீங்கள் இறங்கும் முதல் ஷெங்கன் விமான நிலையத்திலேயே நடக்கும். ஃப்ராங்க்பர்ட்டில் மாறி மிலான் போவதானால் ஒரு மணி நேர இடைவெளி போதாது, மூன்று மணி நேரம் வையுங்கள்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு அடைத்தே இருக்கும். கிளம்பும் முன் செயலியில் திறந்துவிடுங்கள். ஒலிம்பிக் அரங்கத்துக்குள் அட்டை என்றால் 'விசா' நிறுவன அட்டை மட்டும்தான், மற்ற அட்டை வைத்திருப்பவர்கள் யூரோ ரொக்கம் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது 2030, பிரெஞ்சு ஆல்ப்ஸ், பிப்ரவரி 1 முதல் 17. அந்த வருடம் சீனப் பெருநாள் பிப்ரவரி 3. அதற்குள் 20 யூரோ கட்டி, விசா தேவைப்படாதவர்களுக்கான எட்டியாஸ் என்னும் பயண அனுமதியும் எடுக்க வேண்டியிருக்கும். கடப்பிதழ் தேதியை இப்போதே பாருங்கள்: ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்கு மேல் மூன்று மாதம் கட்டாயம், இடையில் மாறும் நாடு ஆறு மாதம் கேட்கலாம்.